ஒன்றும் கழட்டவில்லை

போன மாதம் மகனுடைய வண்டியை சர்வீஸுக்கு விடப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் பெரிய இடம். அங்கே வயரிங் பார்க்கும் தம்பி ஒருவர், கழட்டிய சாமான்களை வெள்ளைத்தாளில் பரப்பி, போனில் படம் எடுத்து வண்டிக்காரருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நானும் இதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும், "போன் இல்லாத காலத்துல கஸ்டமர் எப்படி சார் ஒங்கள நம்புனாங்க?" என்று கேட்டார்.

"யாரும் நம்பல தம்பி. நாங்களும் யாரையும் நம்பல" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ராஜபாளையத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சர்வீஸ் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்தே காலத்தைக் கழித்தவன் நான். அத்தனை வருஷமும் எனக்குச் சோறு போட்டது சந்தேகம்தான். ஓடுகிற வண்டி ஏன் நின்றது என்று கேட்டால், நான் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டேன், கொண்டுவந்த ஆளைத்தான் பார்ப்பேன். என் மனைவிக்கு என்னிடம் பிடிக்காத குணங்களில் இது ஒன்று. கடையில் வாங்கிய பருப்பைக்கூட இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பேன் என்பாள். உண்மைதான்.

தொழில் கற்றதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லாரிகளுக்கு பேட்டரி போடும் கடையில் மூன்று வருஷம் இருந்தேன். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சட்டை அப்போது என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. பிறகு காயில் சுற்றும் இடத்தில் ஒரு வருஷம். எண்பதுகளின் நடுவில் நூறு சிசி வண்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கியபோது, அவற்றின் வயரிங்கைப் பார்த்துப் பழைய மெக்கானிக்குகள் கையைப் பிசைந்தார்கள். வயரைக் கண்டு பயப்படாதவன் என்ற ஒரே தகுதியில் எனக்கு வேலை கிடைத்தது.

என்னை வேலைக்கு எடுத்தவர் சூப்பர்வைசர் தேவசகாயம் சார். அரைக்கை வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, ஒரு சாக்பீஸ். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர் செய்யும் முதல் வேலை தரையில் குறுக்கே ஒரு கோடு போடுவது. வண்டிக்காரர்கள் அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. மெக்கானிக்குகள் அதைத் தாண்டி வெளியே போய் அவர்களிடம் பேசக்கூடாது. பேசினால் என்ன ஆகும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "பேசினா ரெண்டு பேரும் சேந்துக்கிடுவீங்க" என்றார்.

ஜாப் கார்டு எழுதுவதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. "பிளக் போயிருச்சு சார்" என்று யாராவது சொன்னால் எழுத மாட்டார். "பிளக் போனத நீங்க பாத்தீங்களா? வண்டி என்ன பண்ணுச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்பார். அந்த ஆள் திணறித் திணறி எப்படிச் சொல்கிறாரோ, அதே வார்த்தையில் எழுதிக்கொள்வார். அந்தக் கார்டுகளைப் படிப்பதே ஒரு சுகம். 'ஆஸ்பத்திரி மேட்டுல ஏறும்போது இருமுது' என்று ஒன்று இருக்கும். 'மாமியார உக்கார வச்சா மட்டும் இழுக்க மாட்டேங்குது' என்று இன்னொன்று.

எல்லாவற்றையும்விட முக்கியமானது துணிப்பை. வண்டியிலிருந்து எதைக் கழட்டினாலும், அது கருகிப்போன பல்பாக இருந்தாலும், ஒரு துணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் தொங்கவிட வேண்டும். வண்டியை எடுக்க வரும்போது சார் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக வண்டிக்காரர் கையில் கொடுப்பார். எதையும் மாற்றாத வேலையென்றால் கார்டில் 'ஒன்றும் கழட்டவில்லை' என்று எழுதி, வேலை செய்தவன் ஒரு கையெழுத்து, வண்டிக்காரர் ஒரு கையெழுத்து போட வேண்டும். நான் சேருவதற்கு முன்னால் ஒருவர், தன் புது கார்புரேட்டரை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டிவிட்டார்கள் என்று புகார் கொடுத்து, சாரை ஒரு நாள் முழுக்க போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாராம். கார்புரேட்டர் பிறகு அவர் வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. அன்றிலிருந்து வந்தது இந்தப் பை.

எங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் ஒரு சின்ன பல்பு கணக்கில் இல்லை என்று, எல்லோர் முன்னாலும் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னார். புளியோதரையும் ஒரு துவையலும் இருந்தன. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருப்பவன் எதையோ மறைக்கிறான் என்று அவர் என்னை இன்னும் கூர்மையாகப் பார்க்க ஆரம்பித்தார். அதனால் நானே போய்ப் பேசிவிட்டேன்.

அந்தப் பை ஒருமுறை ஒருவரைக் கவிழ்த்தது. மில் கிளார்க் ஒருவரின் வண்டி வாராவாரம் சனிக்கிழமை மதியம் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. திங்கட்கிழமை நன்றாக ஓடும். நான் பிளக் கேப்பைக் கழட்டிப் பார்த்தால், உள்ளே அளவாக வெட்டிய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று இருந்தது. அது தானாக அங்கே போய் உட்காராது. சனிக்கிழமைதோறும் வத்திராயிருப்பில் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததும், அங்கே போகப் பிடிக்காமல் மனிதரே இந்த வேலையைச் செய்ததும் பிறகு தெரிந்தது. நான் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் சட்டம் சட்டம்தானே. சார் பையைப் பிரித்து, "கழட்டியது, ரப்பர் துண்டு ஒன்று" என்று உரக்க வாசித்து நீட்டினார். பக்கத்தில் கிளார்க்கின் மனைவி நின்றிருந்தார். அந்த அம்மா துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கிளார்க் அதன் பிறகு எங்களிடம் வண்டி விடவே இல்லை. சில பொருள்களை வண்டிக்காரர் கண்ணில் காட்டாமல் இருப்பதே நல்லது என்று அன்று நான் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கு யார் கையெழுத்தையும் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குருசாமி வந்தார். மில்லில் பிட்டர். நல்ல வேலைக்காரர் என்று விரலைப் பார்த்தாலே தெரியும். பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தார். விற்றவர் அவருடைய அக்காள் புருஷன் சங்கரலிங்கம், ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். சார் எழுதிய கார்டு எனக்கு மனப்பாடம். 'ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு அணைஞ்சு போகுது. செத்த நேரம் நிறுத்திட்டு ஒதைச்சா வருது. மொத ரெண்டு மாசம் ஒன்னும் பண்ணல. இப்ப வாரத்துக்கு நாலு தடவ.'

"போன வாரம் வில்லிபுத்தூர் ரோட்டுல லாரிக்கு முன்னாடி அணைஞ்சு போச்சு சார். கொஞ்சம் தப்பியிருந்தா என்னைய ரோட்டுலருந்து கூட்டி அள்ளியிருக்கணும்" என்றார் குருசாமி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "வண்டி சரியாகுறது ரெண்டாவது. இந்தக் கோளாறு விக்கிறதுக்கு முன்னாடியே இருந்ததா, பொறவு வந்ததா, அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

"அது எதுக்கு?" என்றார் சார்.

"அடுத்த மாசம் எங்கக்கா மகளுக்குக் காதுகுத்து. மகாராஜபுரத்துக்குப் பக்கத்துல மச்சானோட குலதெய்வம் கோயில்ல. நான்தான் தாய்மாமன். தெரிஞ்சே இந்த வண்டிய எந்தலையில கட்டியிருந்தாருன்னா, அந்த மனுசன் மொகத்துல முழிக்க மாட்டேன். பிள்ளைக்கு வேற யாரு மடியாச்சும் பாத்துக்கிடட்டும்."

தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துவது எங்கள் பக்கம் எப்பேர்ப்பட்ட தலைகுனிவு என்று சொல்லத் தேவையில்லை. அந்த அக்காளுக்கு இவர் ஒரே தம்பி. சார், "அப்பிடி எதுவும் எழுதித் தாறதில்ல" என்று சொல்லிவிட்டார். ஆனால் குருசாமி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்த பார்வையில், தாள் இல்லாவிட்டாலும் என் வாயிலிருந்து வரும் வார்த்தையை அவர் தாளாக எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே சங்கரலிங்கம் வந்து இறங்கினார். கையில் சூடான வடைப் பொட்டலம். அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சார் பொட்டலத்தைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

"வயர் பாக்குறவுக யாரு?" என்று கேட்டு, கோட்டு ஓரத்தில் நின்றபடி என்னிடம் சொன்னார். "கோளாறு என்னன்னு தெரிஞ்சா, எம்மச்சினன்ட்ட சொல்லுறதுக்கு முன்னாடி எங்கடைக்கு ஒரு ஆள் விட்டுச் சொல்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

எதைப் பார்த்துக்கொள்வாராம்? என் சந்தேகம் அந்த நிமிஷமே அவர் மேல் போய் உட்கார்ந்தது. எதிரே டீக்கடையில் இருந்த மில்காரர்கள் இரண்டு பேர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை.

ஓடும்போது அணைகிற வண்டிக்கு நான் வைத்திருந்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் பெட்ரோலா கரண்டா என்று பிரிக்க வேண்டும். பெட்ரோல் கோளாறு என்றால் வண்டி இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி நிற்கும். இது 'பொசுக்குன்னு' அணைகிறது என்று கார்டிலேயே இருந்தது. ஆகவே கரண்ட். பிளக்கைக் கழட்டி இன்ஜின் ஹெட் மேல் வைத்து உதைத்தேன். பொறி நீலமாக, சத்தத்தோடு விழுந்தது. மீட்டரை வைத்துக் காயிலை அளந்தேன், அளவு சரி. சூடானால் கோளாறு காட்டும் காயில்கள் உண்டு என்பதால் அரைமணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்தேன். அப்போதும் சரி. அடுத்து, ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி. அங்கே வயர் மடங்கி மடங்கி, மேல்தோல் நன்றாக இருக்க உள்ளே செம்புக்கம்பி அறுந்திருக்கும். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன், வயர்க்கட்டைப் பிடித்து இழுத்தேன். இன்ஜின் அணையவில்லை. வெறுமனே நிற்கும் வண்டியில் ஒன்றும் தெரியாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் பார்த்தேன். வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டி ரோடு மோசமான இடத்தில் பொசுக்கென்று அணைந்தது.

இந்த வகை வண்டிகளில் சாவியை அணைத்தால் கரண்ட் நின்றுபோவதில்லை. இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டிலிருந்து வரும் ஒரு வயர் சாவி வழியாகப் போய் வண்டியின் இரும்போடு சேர்கிறது. சேர்ந்ததும் பிளக்கில் பொறி விழாது. ஆகவே அந்த வயர் வழியில் எங்கே இரும்பைத் தொட்டாலும், யாரோ பின்னாலிருந்து கைநீட்டிச் சாவியைத் திருப்பியது போல வண்டி அணைந்துவிடும். நான் அந்த வயரைத் தனியாகப் பிரித்துவிட்டு, அதே ரோட்டில் மூன்று நாள் ஓட்டினேன். ஒருமுறைகூட அணையவில்லை. கோளாறு அந்த ஒற்றை வயரில்தான் என்பது உறுதியாகிவிட்டது. அது சாவிக்குப் போகும் வழியில் ஹெட்லைட்டின் இரும்புக் கிண்ணமான டூமுக்குள் நுழைகிறது. டூமைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

டூமின் வளையத்தைப் பிடித்திருக்கும் திருகாணியில் ஸ்குரு டிரைவரை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். திருகாணித் தலையின் வெட்டு, ஒரு ஓரமாகச் சிராய்த்து, பிசிறு எழும்பி இருந்தது. மெக்கானிக் கை பட்டால் அப்படி ஆகாது. கத்தி முனையை வைத்துத் திருப்பினால் ஆகும். தொழில் தெரியாத யாரோ, அவசரமாக, யாருக்கும் தெரியாமல் இதைத் திறந்திருக்கிறார்கள்.

உள்ளே வயர்க் கொத்துக்கு நடுவில் மஞ்சள் துணிச் சுருணை ஒன்று செருகியிருந்தது. அதிர்வில் துணி நைந்து, உள்ளேயிருந்த செப்புத் தகட்டின் விளிம்பு வெளியே வந்திருந்தது. தகட்டில் கட்டங்கள், கட்டங்களுக்குள் எழுத்துகள். அதன் ஒரு ஓரம் டூமின் உட்பக்கப் பெயின்டைச் சுரண்டி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறு ஓரத்துக்கு நேர் எதிரே அந்த வயரின் மூட்டு, உறை நழுவி வெறும் பித்தளையாக நின்றது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் தகடு ஆடும். ஆடினால் மூட்டைத் தொடும். தொட்டால் வண்டி சாகும். துணி நைய இரண்டு மாதம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மந்திரத்துக்குப் பயந்து அல்ல. தகடு என்றால் எங்கள் ஊர்களில் முதலில் வாயில் வரும் வார்த்தை செய்வினைதான். என் சொந்த அத்தை வீட்டில் வாசல்படிக்குக் கீழே ஒரு தகடு கிடைத்து, அண்ணன் தம்பிகள் இன்றுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பதில்லை. இங்கே விற்றவர் பாத்திரக்கடைக்காரர். செப்புத் தகட்டுக்கு அவர் எங்கும் போக வேண்டியதில்லை. கோளாறை முதலில் தன்னிடம் சொல்லச் சொல்லி வடையோடு வந்து நின்றவரும் அவர்தான். எல்லாம் சரியாகப் பொருந்தியது. இதைப் பையில் போட்டு, சார் அதை உரக்க வாசித்து, குருசாமி கையில் கொடுத்தால், அக்காளும் தம்பியும் அன்றோடு முடிந்தார்கள். பிள்ளையின் காதுகுத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மூட்டுக்கு உறை மாட்டி, டேப் சுற்றி, டூமை மூடினேன். பெரிய நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

சாயங்காலம் சார் வந்து ஹேண்டில்பாரைப் பார்த்தார். "பை எங்க?"

"ஒன்னும் கழட்டல சார். ஒரு மூட்டு உறை நழுவியிருந்துச்சு. மாட்டிட்டேன்."

"நாலு நாளா ஒன்னும் பிடிபடலன்ன. இன்னைக்கு ஒன்னுமே கழட்டாம சரியாயிருச்சா?" என்று என் முகத்தையே பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தாமல் நின்றேன். 'ஒன்றும் கழட்டவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அது.

குருசாமி கார்டை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"ஒன்னும் கழட்டலயா?"

"இல்லண்ணே. சின்ன உரசல்தான். யாரு மேலயும் குத்தமில்ல. தானா வந்தது."

"யாரு மேல குத்தம்னு நான் இன்னும் கேக்கவே இல்லயே" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "மச்சான் வந்துட்டுப் போனாராமே. வடையெல்லாம் வாங்கிட்டு வந்தாராமே."

"அது வேற..."

"வாரத்துக்கு நாலு தடவ அணைஞ்ச வண்டி, அவிய வந்துட்டுப் போன பொறவு ஒரு சாமானும் மாத்தாம சரியாயிருது. எங்க கைய வைக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காக. அப்ப கோளாறு அவியளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்கு இது போதும்."

வண்டியை உதைத்தார். ஒரே உதையில் எடுத்தது. கிளம்பிப் போய்விட்டார். பின்னாலேயே ஓடித் தகட்டைக் காட்டியிருக்கலாம். காட்டினால் இன்னும் மோசமாகும் என்று நின்றுவிட்டேன். காதுகுத்துக்கு எப்படியும் போய்விடுவார், சொந்த அக்காள் பிள்ளை அல்லவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனிதர்கள் விஷயத்தில் சந்தேகப்படவே தெரிந்தவன், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய அந்த ஒரு இடத்தில் நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், மூன்று வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா சாக்பீஸ் கோட்டின் மேலேயே வந்து நின்றார். குழந்தைக்கு மொட்டை, தலையில் சந்தனம், இரண்டு காதிலும் புது ஓட்டை, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"வயர் பாத்த அண்ணன் நீங்கதானா? நான் குருசாமியோட அக்கா, அன்னலட்சுமி" என்றார். "எந்தம்பி காதுகுத்துக்கு வரல. பொங்கல் வச்சு, மொட்டை போட்டு, உச்சி சாயிற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். கடைசியில எங்க சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்துனோம். ஏன் வரலன்னு கேட்டு ஆள் விட்டா, 'மெக்கானிக்க கேட்டுக்கிடுங்க'ன்னு சொல்லி விட்டிருக்கான். அவன்ட்ட என்ன சொன்னீக?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டூல்பாக்ஸின் அடியிலிருந்து தகட்டை எடுத்து நீட்டினேன். "இது ஒங்க வீட்டுக்காரர் வச்சதுன்னு நெனச்சேன்மா. தம்பி கண்ணுல பட்டா சண்டையாயிரும்னு மறைச்சிட்டேன்."

அந்த அம்மா தகட்டைப் பார்த்தார்.

"அவியளா? அவிய தகடு தாயத்துன்னாலே ஏசுவாக. இது நான் வச்சது."

அப்புறம் மெல்லச் சொன்னார். வண்டி வாங்குவதற்கு முந்தின வருஷம் குருசாமி சைக்கிளிலிருந்து விழுந்ததில் தலையில் தையல் போட்டிருக்கிறார்கள். அக்காள் ஒருவரிடம் போய் மந்திரித்துக் கயிறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். மில்லில் மெஷின் பக்கம் நிற்பவர்கள் கையில் கயிறு கட்டக்கூடாது, சுழலும் உருளை கையோடு இழுத்துவிடும். தம்பி அதைக் கழட்டி வைத்துவிட்டார்.

"கையில கட்ட மாட்டேங்கான், வண்டியிலயாச்சும் இருக்கட்டும்னு நெனச்சேன். வண்டி கைமாறுறதுக்கு மொதநாள், அவிய குளிக்கப் போன நேரத்துல காய் வெட்டுற கத்தியால திறந்து வச்சேன். அவிய பல்பு மாத்துறத பாத்திருக்கேன். வெளிச்சம் வாற எடத்துல இருந்தா நல்லதுன்னு பட்டுச்சு. அதுல போய் கரண்டு படும்னு எனக்கு என்னண்ணே தெரியும்?"

"ஒங்க வீட்டுக்காரர் இங்க வந்து, மொதல்ல தன்கிட்ட சொல்லச் சொன்னாரே?"

"என்ன செலவானாலும் தானே குடுத்திருதேன்னு சொல்லத்தான். தம்பிக்குத் தெரிஞ்சா ரோசப்படுவான்னு அப்பிடிச் சொன்னாக."

சார் பின்னால் வந்து நின்றிருந்தார். தகட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்து சொல்லுறீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாவின் கண்ணீரைப் பார்த்த பிறகும் கேட்டார். அதற்கப்புறம்தான் பழைய கார்டைத் தேடி எடுத்து, என் வரியை அடித்து, 'செப்புத் தகடு ஒன்று' என்று எழுதி, "வண்டிக்காரர் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று என்னிடம் நீட்டினார். அவருக்கு என் மேல் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. அடுத்த ஒரு மாதம் எனக்கு வயரிங் கொடுக்கவில்லை, வண்டி கழுவத்தான் விட்டார்.

அன்று மூன்றுமணி ஷிப்ட் முடிந்து குருசாமி வீட்டுக்கு வரும்போது, நானும் அன்னலட்சுமியும் குழந்தையோடு வாசலில் இருந்தோம். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அக்காளைப் பார்த்தவர் வண்டியை ஸ்டாண்டு போட்டார். நான் கார்டின் மேல் தகட்டை வைத்து நீட்டி, டூமில் அதைக் கண்டதிலிருந்து அக்காள் சொன்னதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். அன்னலட்சுமி, "நீ கயித்த கழட்டி வச்சிட்ட. நான் வேற என்னடா செய்வேன்?" என்று மட்டும் சொன்னார்.

குருசாமி தகட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே எங்கையில குடுத்திருக்க வேண்டியதுதான?" என்றார் என்னிடம்.

"குடுத்தா, அக்கா வீட்டுல செய்வினை வச்சுட்டாகன்னு நெனச்சிருப்பீகண்ணே."

"நெனச்சிருப்பேன்தான்."

குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, வண்டியின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை இழுத்து மடியில் உட்கார வைத்தார். காதில் சட்டை உரசியதும் அது சிணுங்கியது. புண் படாத பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இந்தத் தகட்டத் தூக்கிக்கிட்டு நேரா காதுகுத்துக்கே போயிருப்பேன். கோயில்ல வச்சே மச்சான் சட்டையப் பிடிச்சிருப்பேன். அக்கா எல்லார் முன்னாடியும் நாந்தான்டா வச்சேன்னு அழுதிருக்கும். அம்புட்டுச் சண்டையும் நடந்திருக்கும். நடந்து முடிஞ்சு, பிள்ள எம்மடியில உக்காந்து காது குத்தியிருக்கும்."